பூட்டிருந்தும் காவலில்லை

நுழையும்முன்
புதிய மடிக்கணினியில் தாம் கேட்ட பொருள் மட்டுமே இருக்கும் என்று வாங்குவோர் எண்ணுவது இயல்பு. கேட்காத மென்பொருள்களும் அதனுள் முன்கூட்டியே குடியேறியிருக்கக்கூடும். அத்தகைய ஒரு மென்பொருளால் பல இலட்சம் கணினிகளின் பாதுகாப்புக் குலைந்த உண்மை நிகழ்வை இப்பாடம் விளக்குகிறது.

கேட்காமல் வந்தவை
மடிக்கணினி இயங்குவதற்கு இயங்குதளம் இன்றியமையாதது. திரை, ஒலிபெருக்கி, விசைப்பலகை முதலியவற்றை இயக்கும் மென்பொருள்களும் தேவை. இவையன்றிச் சில நாள் மட்டும் இலவசமாகப் பயன்படும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள், விளையாட்டுகள், விளம்பர மென்பொருள் ஆகியவற்றையும் உற்பத்தி நிறுவனங்கள் முன்னரே நிறுவி விற்பதுண்டு. அவ்வாறு நிறுவுவதற்கு மென்பொருள் நிறுவனங்கள் பணம் தருகின்றன. கணினி விற்பனையில் ஆதாயம் குறைவாக இருப்பதால், இவ்வருவாய் உற்பத்தியாளரை ஈர்க்கிறது. இவற்றுள் பல, இடத்தை அடைத்து வேகத்தைக் குறைப்பதோடு நின்றுவிடும். சிலவோ அதனினும் பெரிய தீங்குக்கு வழிவகுக்கும்.

பூட்டுக் குறியின் பொருள்
வங்கியின் இணையதளத்தில் ஒருவர் கடவுச்சொல்லை இடும்போது, அது குறியாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. இடைவழியில் எவரேனும் கைப்பற்றினாலும் அதனைப் படிக்க இயலாது. ஆயினும் எதிர்முனையில் இருப்பது உண்மையான வங்கிதானா என்னும் ஐயம் எழலாம். அதனைத் தீர்ப்பது மின்னணுச் சான்றிதழ் ஆகும்.

ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் தன் சான்றிதழை உலாவியிடம் காட்டும். அதில் சான்றளிக்கும் அமைப்பு ஒன்றின் மின்னொப்பம் இருக்கும். நம்பத்தக்க அமைப்புகளின் மூலச் சான்றிதழ்கள் கணினியில் ஒரு பட்டியலாக வைக்கப்பட்டுள்ளன. மின்னொப்பம் அப்பட்டியலோடு பொருந்தினால், உலாவி அத்தளத்தை நம்பும்; பல உலாவிகளில் பூட்டுக் குறியும் தோன்றும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை எழும். ஆகவே, அப்பட்டியலில் தகாத ஒன்று புகுந்துவிட்டால் பூட்டுக் குறியை நம்ப இயலாது.

இடையில் நின்ற மென்பொருள்
2014ஆம் ஆண்டில் லெனோவோ நிறுவனம், தன் வீட்டுப் பயன்பாட்டு மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளை நிறுவி விற்றது. பயனர் பார்க்கும் பொருள்களின் படங்களை ஆராய்ந்து, அவற்றை ஒத்த பிற பொருள்களின் விளம்பரங்களைக் காட்டுவது அதன் பணி.

குறியாக்கம் செய்யப்பட்ட பக்கங்களை வெளியார் படிக்க இயலாது. அத்தடையைக் கடக்க, அம்மென்பொருள் தனக்கென ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தது. பின்னர், உலாவிக்கும் இணையதளத்துக்கும் இடையில் நின்றது. வந்த தகவலைப் பிரித்துப் படித்தது. தளத்தின் உண்மையான சான்றிதழை நீக்கித் தானே ஒப்பமிட்ட சான்றிதழை வைத்தது. முத்திரையிட்ட கடிதத்தை வழியில் ஒருவர் பிரித்துப் படித்து, ஒரு விளம்பரத் தாளைச் செருகி, தம் முத்திரையை இட்டு அனுப்புவது போன்றது இச்செயல். வங்கித் தளங்களும் இதற்கு விலக்கல்ல. பூட்டுக் குறி வழக்கம்போலத் தோன்றியதால் பயனர் எதனையும் அறியவில்லை.

ஒரே சாவி
இதனினும் பெரிய பிழை ஒன்று இருந்தது. சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் தனித்திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. அது அக்கணினிகளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. நூறு வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு ஒரே சாவியைச் செய்து, அதன் படியை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விட்டுச்சென்றதற்கு இஃது ஒப்பாகும். ஒருவர் அதனைக் கண்டெடுத்தால், ஏனைய தொண்ணூற்றொன்பது வீடுகளும் அவருக்குத் திறக்கும்.

2015 பிப்ரவரி 19 அன்று, இராபர்ட் கிரகாம் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் அத்திறவுகோலைப் பிரித்தெடுத்தார். அதைக் காத்து நின்ற கடவுச்சொல் 'கொமோடியா' என்பதாகும். இடைமறிக்கும் நிரலை எழுதிய நிறுவனத்தின் பெயரும் அதுவே. அக்கடவுச்சொல்லைக் கண்டறிய அவருக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரமே தேவைப்பட்டது. அத்திறவுகோலைப் பெற்ற எவரும் ஒரு வங்கியின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்க இயலும். தொடர்வண்டி நிலையத்திலோ உணவகத்திலோ உள்ள பொது வைஃபையில், பாதிக்கப்பட்ட கணினியின் முன் அவர் வங்கியாகவே தோன்றலாம்; எச்சரிக்கை எதுவும் எழாது.

அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு மறுநாளே எச்சரிக்கை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு மென்பொருளைப் புதுப்பித்து, சூப்பர்ஃபிஷை நீக்க வழிசெய்தது. லெனோவோவும் ஒரு நீக்கும் கருவியை வழங்கியது. மென்பொருளை மட்டும் நீக்கியவர்களின் கணினியில் மூலச் சான்றிதழ் எஞ்சியிருந்தமையால், இத்தகைய கருவி தேவையாயிற்று.

தீர்வும் படிப்பினையும்
2017 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையமும் 32 மாநிலங்களும் லெனோவோவுடன் உடன்பாடு கண்டன. அந்நிறுவனம் மாநிலங்களுக்கு 35 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. இத்தகைய மென்பொருளை நிறுவுமுன் பயனரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெறவேண்டும் என்றும், முன்னிறுவப்படும் மென்பொருள்களுக்கான பாதுகாப்புத் திட்டத்தை 20 ஆண்டுகள் பின்பற்றவேண்டும் என்றும் முடிவாயிற்று.

தீய நோக்கம் இருந்தால்தான் இவ்வாறு நிகழும் என்பதில்லை. 2015 நவம்பரில் டெல் நிறுவனத்தின் கணினிகளிலும் இதே வகைக் குறை வெளிப்பட்டது. பழுது பார்க்கும் உதவியாளர் கணினியின் வகையை எளிதில் அறிவதற்காகவே அங்கு மூலச் சான்றிதழ் வைக்கப்பட்டிருந்தது. விளம்பரம் காட்டுவதற்காக அன்று. ஆயினும் அதன் தனித்திறவுகோலும் கணினியிலேயே இருந்தது. சான்றிதழை மட்டும் அழித்தால், அதனை நிறுவிய நிரல் மீண்டும் அதனைக் கொண்டுவந்தது. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலும், திறந்த கதவு திறந்த கதவே.

புதிய கணினி வந்தவுடன் செய்யத்தக்கவை சில உள்ளன. அமைப்புகள் பகுதியிலுள்ள செயலிகளின் பட்டியலைப் பெற்றோருடனோ ஆசிரியருடனோ அமர்ந்து படித்தல் வேண்டும். தேவையற்றவற்றை நீக்குதல் வேண்டும். பயன் தெரியாத ஒன்றைக் கேட்டறியாமல் அழித்தல் கூடாது. அது சாதனத்தை இயக்கும் மென்பொருளாகவும் இருக்கலாம். சான்றிதழ்ப் பட்டியலை மாற்றும் பணியை அறிந்தவரிடமே விடுதல் வேண்டும். இயங்குதளத்தைப் புதுப்பித்த பின்னரே வங்கிப் பணிகளைத் தொடங்குதல் நன்று. உற்பத்தியாளர் தந்த மீட்புப் பதிப்பைக் கொண்டு கணினியைத் தொடக்க நிலைக்கு மாற்றினால், நீக்கியவை மீண்டும் வரக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். கணினிக்குப் பணம் கொடுத்தவருக்கு, அதனுள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உண்டு.

சொல்லும் பொருளும்
உலாவி – இணையதளங்களைப் பார்க்க உதவும் மென்பொருள்
குறியாக்கம் – பிறர் படிக்க இயலாதவாறு தகவலை மாற்றுதல்
மின்னொப்பம் – மின்னணு முறையில் இடும் கையொப்பம்
தனித்திறவுகோல் – உரியவர் மட்டுமே வைத்திருக்கவேண்டிய மறைக்குறி
படி – நகல்
இசைந்தது – உடன்பட்டது

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. சூப்பர்ஃபிஷ் மென்பொருளின் பணி ____.
(நச்சுநிரலைத் தடுத்தல் / விளம்பரம் காட்டுதல் / கணினியைப் பழுதுபார்த்தல்)
2. நம்பத்தக்க அமைப்புகளின் ____ கணினியில் பட்டியலாக உள்ளன.
(கடவுச்சொற்கள் / மூலச் சான்றிதழ்கள் / விளம்பரங்கள்)

ஆ. பிரித்து எழுதுக.
1. பூட்டிருந்தும் 2. மின்னொப்பம் 3. காவலில்லை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உற்பத்தி நிறுவனங்கள் தேவையற்ற மென்பொருளை நிறுவி விற்பதற்குக் காரணம் யாது?
2. சூப்பர்ஃபிஷ் மென்பொருளை மட்டும் நீக்கியது போதாமற்போனது ஏன்?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. லெனோவோ, டெல் கணினிகளில் இருந்த குறைகளின் ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
2. 'ஒரே சாவி' என்னும் உவமை உணர்த்தும் கருத்தை விளக்குக.

உ. செயல்திட்டம்
வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு கணினியின் செயலிகள் பட்டியலைப் பெரியவர் ஒருவரின் துணையுடன் காண்க. அவற்றுள் ஐந்தனைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றின் பெயர், பயன், அதனை நிறுவியவர் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. யார் நிறுவினார் என்று அறிய இயலாதவற்றை வகுப்பில் கலந்துரையாடுக.