மொராக்கோ பாலைவனமும் பழைய நகரங்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மராகேஷ் நகரில் இறங்கினால் சகாராவின் மணல்மேடுகளில் ஓர் இரவைக் கழித்துவிட்டு மறுநாளே திரும்பிவிடலாம் என்பது, தாமே திட்டமிட்டு மொராக்கோ செல்லும் பயணிகளிடையே பரவியுள்ள நம்பிக்கை. நிலவியல் இதற்கு இடம் தருவதில்லை. உயர்ந்த மணல்மேடுகள் தொடர்ந்து பரந்துகிடக்கும் பரப்பு 'எர்க்' எனப்படும். அந்நாட்டில் பெயர்பெற்ற எர்க்குகள், மெர்சூகா ஊரை ஒட்டிய எர்க் செபியும் ம்ஹமீது ஊருக்கு அப்பாலுள்ள எர்க் சிகாகாவுமே ஆகும். மராகேஷிலிருந்து மெர்சூகா ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாலும், இடையே உயர் அட்லஸ் மலைத்தொடரை 2,260 மீட்டர் உயரத்திலுள்ள திஷ்கா கணவாய் வழியே கடக்க வேண்டியிருப்பதாலும், போவதற்கே ஒரு பகல் முழுதும் செலவாகும். 'இரண்டு நாள் பாலைவனப் பயணம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஸகோரா ஊரோடு நின்றுவிடுகிறது. அங்குள்ளவை சிறு மணல்திட்டுகளே. மராகேஷுக்கு அருகிலுள்ள அகஃபாய் மணலற்ற கற்பாழ். மாலைப்பொழுதைக் கழிக்க அது நல்ல இடந்தான் என்றாலும், அதைச் சகாரா என்று அழைப்பது வணிகத் தந்திரம். மூன்று நாள் ஒதுக்க இயலாதவர்கள் மெர்சூகாவைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதே தக்கது.

சகாரா முழுவதும் மணல் என்பதும் பிழை. அதில் மணற்பரப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி 'ஹமாதா' எனப்படும் பாறைப் பீடபூமிகளும் சரளைச் சமவெளிகளும் ஆகும். அங்கு எப்போதும் வெப்பமே என்று எண்ணி மெல்லிய உடைகளுடன் செல்வோர், திசம்பர், சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது நடுங்க நேரிடும். மழையும் அந்நிலத்துக்கு அந்நியமன்று: 2006இல் மெர்சூகாவைத் திடீர் வெள்ளம் தாக்கியது; 2024 செப்டம்பரில் பெய்த பெருமழையில், பல்லாண்டுகளாக வறண்டுகிடந்த இரிக்கி ஏரியில் நீர் தேங்கியது. எனவே வறண்ட ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிப்பது அறிவுடைமையாகாது.

நீல அங்கியும் தலைப்பாகையும் அணிந்து ஒட்டகத்தை நடத்திச் செல்பவர்கள் துவாரெக் நாடோடிகள் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. துவாரெக் மக்கள் முதன்மையாக மாலி, நைஜர், அல்ஜீரியா நாடுகளில் வாழ்பவர்கள்; மெர்சூகா வட்டாரத்தினரோ பெரும்பாலும் அய்த் அத்தா குழுமத்தைச் சேர்ந்த அமாசிக் மக்கள். சுற்றுலாப் பயணி எதிர்பார்க்கும் உடையை அவர்கள் அணிந்துகொள்கிறார்கள். குறை எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது.

ஃபெஸ் நகரின் பழைய பகுதியில் வழிகாட்டியின்றி நடக்கவே முடியாது என்பார்கள். ஆனால் பூ ஜெலூத் வாயிலில் தொடங்கும் தலா கபீரா, தலா ஸகீரா என்ற இரு தெருக்களும் சரிவாக இறங்கிக் கராவியீன் மசூதிப் பக்கம் கொண்டுசேர்ப்பதால், இறக்கத்தைப் பின்பற்றுபவர் மையத்தை அடையலாம். 'இந்த வழி அடைத்திருக்கிறது' என்று சொல்லி உடன்வருபவர் பெரும்பாலும் தோல் பதனிடும் இடத்துக்கோ கம்பளக் கடைக்கோ அழைத்துச் சென்று பணம் கேட்பார். உரிமம் பெற்ற வழிகாட்டியிடம் அரசு அடையாள அட்டை இருக்கும். ஆயினும் பேச வருபவர் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது, ஏமாறுவதைவிடப் பெரிய தவறு.

போக்குவரத்து அரிது என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. தான்ஜியரிலிருந்து காசாபிளாங்காவுக்கு 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது; ரயில் எட்டாத ஊர்களுக்குப் பேருந்துகளும், ஆறு பயணிகள் நிறைந்ததும் புறப்படும் 'கிராண்ட் டாக்சி' என்ற பகிர்வு வண்டிகளும் உண்டு. காத்திருக்க மனமில்லாதவர் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தலாம். தொகையை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.