சேற்று வெள்ளமும் மலைப்பாலமும்

மூணாற்றை அடுத்த பெரியவரையில் உடுமலைப்பேட்டைச் சாலை ஓர் ஆற்றைக் கடக்கிறது. அங்கிருந்த பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்தது. அதே மாதம் பாலக்காட்டு நெல்லியாம்பதியும் மலைச்சாலை உடைந்து துண்டுபட்டது. பெரியவரையில் கான்கிரீட் குழாய்களை அடுக்கித் தற்காலிகப் பாலம் அமைத்தனர். 2020 ஆகஸ்டில் அதையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அம்மழையில்தான், 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் தமிழர். மீட்க விரைந்த வண்டிகளோ பெரியவரையில் தடைப்பட்டு நின்றன. பாலம் விழுந்தால் போக்குவரத்து மட்டுமா நிற்கிறது? காக்க வரும் கையும் எட்டாமற் போகிறதன்றோ!

மலை கரைந்து சேறும் பாறையுமாய் இறங்குவதை இடுக்கியில் உருள்பொட்டல் என்பர். எரிமலை நாடுகளில் சாம்பலும் நீரும் கலந்து இறங்குவதற்கு 'லகார்' என்று பெயர். அது சாவகத்தார் சொல். 1953 டிசம்பர் 24 இரவு நியூசிலாந்தின் ருவாபெகு எரிமலை ஏரி உடைந்து வந்த சேறு, டாங்கிவாய் ரயில் பாலத்தைத் தகர்த்தது. அதில் வந்த ரயில் விழுந்து 151 பேர் மாண்டனர். நம் மலைகளில் எரிமலை இல்லை. ஆயினும் சேறு பாலத்தைத் தாக்கும் முறை எங்கும் ஒன்றே.

அதன் வலிமை எங்கிருந்து வருகிறது? ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. கெட்டியான சேற்றின் எடை ஏறத்தாழ 2000 கிலோ. ஆகவே ஒரே வேகத்தில் சேறு இருமடங்கு அழுத்தித் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேலும், 10 டன் பாறை நீரில் மூழ்கினால் 6 டன்னுக்குச் சற்று மேலாகவே கனக்கும். சேற்றிலோ 3 டன்கூடக் கனக்காது. அதனால்தான் பெரும் பாறைகளும் உருண்டு வந்து தூண்களை மோதுகின்றன.

இதற்குப் பரிகாரம் பாலத்தைக் கனமாக்குவதன்று, சேற்றுக்கு வழிவிடுவதே. பல சிறு கண்களும் குழாய்களும் கல்லாலும் மரத்தாலும் அடைபட்டுப் பாலத்தையே அணையாக்கிவிடும். எனவே நடுத்தூண் இல்லாத ஒரே அகன்ற கண் நன்று. மேல்தளம் உயர்ந்திருத்தல் வேண்டும். அது மிதந்து நழுவாதபடி இருகரைத் தாங்குசுவர்களுடன் பிணைக்கப்பட வேண்டும். அடித்தளம் ஆற்றின் அரிப்புக்கு எட்டாத ஆழத்தில் பாறையில் ஊன்ற வேண்டும். பாலம் நின்றும் கரைமண் கரைந்தால் பயனில்லை. ஆதலால் இருபுற அணுகுசாலைக்கும் கற்சுவர் தேவை. ஜப்பானியர் மேலோடையில் இடைவெளியுள்ள தடுப்பணைகள் கட்டி, நீரை விட்டுப் பாறையைப் பிடிக்கின்றனர். பிடித்த கல்லை அவ்வப்போது அள்ளாவிடில் அவையும் வீணே.

இத்தனை செய்தும் ஒருநாள் பாலம் வீழலாம். 2024 ஜூலை 30இல் வயநாட்டுச் சூரல்மலைப் பாலத்தைச் சேறு அடித்துச் சென்றபோது, இராணுவத்தின் சென்னைப் பொறியியல் படையினர் 190 அடி நீள இரும்புப் பாலத்தை ஆகஸ்டு 1ஆம் நாளே பூட்டி முடித்தனர். அத்தகைய பாலத்தின் உறுப்புகளை மழைக்கு முன்பே மலையூர்களில் சேர்த்து வைத்தால் என்ன? ஒற்றைச் சாலையை நம்பி வாழும் லயங்களுக்கு, ஒரு நாள் தாமதமும் உயிரின் விலையல்லவா!