மொட்டைமாடி டிஷ்ஷும் தனி எர்த்தும்

"உயரத்தில் மாட்டினால்தான் படம் நன்றாக வரும்." மொட்டைமாடிக்கு மேலும் இரண்டு ஆள் உயரத்துக்கு ஜிஐ பைப் நட்டு டிஷ் மாட்டச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. இது பழைய ஆன்டெனாக் காலத்து நம்பிக்கை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, கடல் தாண்டி வரும் அலையைப் பிடிக்கத் தென் மாவட்டங்களில் நெட்டைக் கம்பங்கள் எழுந்தன. தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு அந்த உயரம் தேவைப்பட்டது. டிஷ்ஷுக்கு அலை வருவதோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் டிடிஎச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் தென்கிழக்கே, வானில் நல்ல உயரத்தில்தான் நிற்கின்றன. மரமோ சன்ஷேடோ மறைக்காத முற்றமே போதும். கம்பத்தை உயர்த்துவதால் கூடுவது மின்னல் ஆபத்துதான். பக்கத்தில் மின்கம்பி போனால், நடும்போது கைதவறிச் சாய்கிற பைப்பே ஆளைக் கொன்றுவிடும். எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியைத் தொடாத இடம் கிடைக்காவிட்டால் அங்கே நடவே வேண்டாம்.

எர்த் கொடுத்தால் இடியைக் கூப்பிட்டதாகிவிடும் என்கிறார்கள். மின்னலை இழுப்பது கம்பத்தின் உயரமும் அது நிற்கும் இடமும்தான். எர்த் கம்பி, விழுந்த மின்னல் வீட்டுக்குள் நுழையாமல் மண்ணுக்கு இறங்க வழி தருகிறது.

மெத்தப் படித்தவர்களும் தவறுவது அடுத்ததில்தான்: "டிஷ்ஷுக்குத் தனியாக ஒரு எர்த் ராடு அடித்தாயிற்று, இனிப் பயமில்லை." பயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் பாய்வது சாதாரணம். ராடின் மண்தடை 5 ஓம் என்று வைத்தாலும் அந்த ராடு ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு எகிறும். வீட்டு எர்த்தோ அந்த நொடியில் பழைய நிலையிலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது செட்டாப் பாக்ஸ். ஒரு பக்கம் டிஷ் கேபிள், மறுபக்கம் வீட்டு மின்லைன். மின்சாரம் அதன் வழியே பாயும். அருகில் கைவைத்திருக்கும் பிள்ளை வழியாகவும் பாயலாம். ஆகவே டிஷ் ராடையும் மெயின் போர்டு எர்த்தையும் தடித்த கம்பியால் இணைத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தே எகிறினால் நடுவில் பாய வேறுபாடு பெரிதாக இராது. ஆன்டெனாப் பாதுகாப்புக்கான ஐஇசி 60728-11 தரநிலை, கம்பத்திலிருந்து இறங்கும் செம்புக் கம்பி 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அது சுருளாமல், வளையாமல், நேராக இறங்கட்டும். மின்னல் கூர்மையான வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்கே தாவக்கூடும்.

எர்த் இல்லையென்று நியூட்ரலில் கட்டுவது அதைவிடக் கொடுமை. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கம்பம் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும்.

டிவி சுவிட்சை அணைத்தால் போதும் என்பதும் தவறு. மைல் கணக்கில் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி தடையாகாது. எர்த் சரியாக இருந்தாலும் நேரடி மின்னலில் டிவி தப்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் இருட்டும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் இரண்டையும் தொட வேண்டாம்.