சவ்வு என்னும் அடை: ஒரு சொல்லாய்வு

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்குப் பெயர்ச்சொல்லைக் காட்டிலும் பெயரடையே மிகுந்த இடர் தருவதாகும். உயிரியலிலும் மருத்துவத்திலும் வழங்கும் 'மெம்பிரனஸ்' என்னும் ஆங்கில அடை இதற்குத் தக்க சான்று. இதன் வேர் 'மெம்பிரானா' என்னும் இலத்தீன் சொல். தோல், எழுதுதற்குப் பதப்படுத்திய தோல் என்பன அதன் பொருள்கள். தமிழில் இதற்கு நேரான பெயர் 'சவ்வு'. ஆயின், அடையாக வருங்கால் இவ்வாங்கிலச் சொல் மூன்று பொருள் பயக்கின்றது.

முதலாவது, சவ்வினால் ஆகியது. தேனீயின் சிறகு இத்தகையது. தேனீ, குளவி, எறும்பு ஆகியன அடங்கிய பூச்சி வரிசைக்கு 'ஹைமனாப்டெரா' என்று பெயர்; கிரேக்கத்தில் 'ஹைமென்' சவ்வையும் 'டெரான்' சிறகையும் குறிக்கும். 'சவ்வுச்சிறகு' என்பதை விரித்தால் 'சவ்வாலாகிய சிறகு' எனவரும். 'பொற்குடம்' போல இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

இரண்டாவது, சவ்வை ஒத்தது. ஈரக் காடுகளில் வளரும் ஒருவகைப் பெரணிகளின் இலைப்பரப்பு பெரும்பாலும் ஒரே உயிரணுத் தடிப்புடையது. அது சவ்வன்று, மென்மையாலும் ஒளி புகும் இயல்பாலும் சவ்வை ஒப்பது. ஆகவே 'சவ்விலை' என்பது 'மலர்விழி' போன்ற உவமைத்தொகை.

மூன்றாவது, சவ்வைத் தோற்றுவிப்பது. தொண்டை அடைப்பான் நோயில், இறந்த உயிரணுக்களும் நுண்ணுயிர்களும் செறிந்த சாம்பல்நிறப் பொய்ச்சவ்வு தொண்டையில் படரும். பெயர்க்க முயன்றால் குருதி கசியும். மூச்சுவழியை அடைத்து உயிருக்கே ஊறு விளைத்தலும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தனோ 1826இல் இந்நோய்க்குப் பெயரிட்டபோது, பதனிட்ட தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். இங்குச் 'சவ்வுநோய்' என்பது 'சவ்வைத் தோற்றுவிக்கும் நோய்' என விரியும். 'தேர்ப்பாகன்' போல இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கது.

தொகையாக நிற்கையில் மூன்றும் ஒரே வடிவின. விரிக்கும்போதே வேறுபாடு புலனாகும். செய்யுளில் தொகை அழகு தரும். மருத்துவ நூலிலோ விரியாத தொகை மயக்கம் தரும். 'சவ்வு போன்ற நோய்' என்று மொழிபெயர்ப்பின், படர்ந்துவரும் இடரை மாணவர் எங்ஙனம் உணர்வர்? எனவே மொழிபெயர்ப்போர், 'ஆலாகிய', 'போன்ற', 'தோற்றுவிக்கும்' என்னும் மூன்றையும் இட்டு நோக்கிப் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும். நாம் வகுப்பறையில் பயிலும் தொகையிலக்கணம் அறிவியல் தமிழுக்கும் கருவியாதல் இதனால் தெளிவாம்.