விட்டுவிட்டு வரும் மனச்சோர்வு

மலேரியாவுடன் வாழ்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு ஒன்று தெரியும். காய்ச்சல் விட்ட நாளில் பிள்ளை எழும்பித் திரிந்தாலும் நோய் மாறிவிட்டதாகக் கொள்ள முடியாது. ஒருநாள் விட்டு மறுநாள் நடுக்கம் திரும்பிவிடும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று வழங்கியது. ஆயினும் அந்தப் பழைய அனுபவம் இன்னொரு நோயை விளங்கிக்கொள்ள உதவும்.

பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை இரண்டு மூன்று நாள் சுருண்டு கிடக்கிறது. சாப்பாடு வேண்டாம்; நித்திரை இல்லை; 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்கிறது. நாலாம் நாள் எழும்பி, ஒன்றும் நடவாததுபோல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறது. நாம் 'பஞ்சி' என்கிறோம். அல்லது இடம்பெயர்ந்த கவலை என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அடுத்த மாதமும் அதேபோல் வருகிறது.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஜூல்ஸ் ஆங்ஸ்ட் என்ற மனநல வைத்தியர் 1978 முதல் இருபது வயதளவிலான இளைஞரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார். வழமையான மனச்சோர்வு இரண்டு வாரமாவது நீடிக்கும். இவர்களில் சிலருக்கோ சில நாட்களில் விட்டு, மீண்டும் மீண்டும் வந்தது. ஓர் ஆண்டாக மாதம் ஒரு தடவையளவில் இப்படி வந்து, இடையில் முற்றாகச் சுகமாகுமானால் அதை ஒரு நோயாகவே கொள்வர். மாதவிடாயை ஒட்டி மட்டும் வருவது இதில் சேராது.

நாட்கள் குறைவென்பதால் ஆபத்தும் குறைவென்று எண்ணவேண்டாம். அந்த இரண்டு மூன்று நாளில் சாகும் எண்ணம் பலமாக வரலாம். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்தனர். கொடிய நச்சுக் கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது அந்த நேரம் கடந்துபோகிறது, உயிர் மிஞ்சுகிறது. ஓர் அறைக் குடிசையில் மருந்துப் போத்தலைக் கட்டிலின்கீழ் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைப் பெட்டியில் பூட்டி, திறப்பைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கட்டும். தெளிக்கவேண்டிய அளவுக்கு மட்டும் வாங்குவது இன்னும் நல்லது.

"சாகவேணும் எண்டு நினைப்பு வருதோ பிள்ளை?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. 'ஓம்' என்றால் தனியே விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம். அயலவரின் நித்திரைக் குளிசையை வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

பெரிய அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. ஆனால் கிளினிக் நாளில் பிள்ளை பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே சோர்வு தொடங்கிய நாளையும் விட்ட நாளையும் வீட்டுக் கலண்டரில் புள்ளியிட்டு வாருங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கலண்டரையும் கழற்றிக்கொண்டு போங்கள்.