வால்மார்ட்டில் ரசீது இல்லாமல் பொருளைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

அம்மா எங்களோடு இருக்க அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில் அவருக்கு மூன்று ஜாக்கெட் வாங்கினேன். ஒன்றுதான் பொருந்தியது. மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "வாங்கினதை எப்படிடா திருப்பிக் குடுப்ப? அசிங்கமா இருக்காதா?" என்றார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் ஊரிலேயே வாழ்ந்தவர். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. போதாததற்கு ரசீதும் எங்கோ போய்விட்டது. நானும் விட்டுவிட்டேன். டேக் கூடக் கழற்றாத இரண்டு ஜாக்கெட்டும் அலமாரியில் வருஷக்கணக்காகத் தொங்கின.

ரசீது தொலைந்ததற்காக நான் அந்தப் பணத்தை விட்டிருக்க வேண்டியதில்லை. காகிதம் போனாலும், கார்டில் வாங்கியதற்கான தடம் கடையின் கணினியிலும் நம் வங்கிக் கணக்கிலும் இருக்கிறது. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தால் போதும். இங்கே புதிதாகக் குடியேறியவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வால்மார்ட், டார்கெட், கே-மார்ட் மூன்றும் பிறந்தது ஒரே ஆண்டில், 1962இல். மலிவு விலை, பெரிய கூடம், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் தள்ளுவண்டி என்ற அந்த முறையில், பொருளைத் திரும்ப வாங்கும் கவுண்டரும் வியாபாரத்தின் ஓர் அங்கம். 'பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்' என்ற தைரியத்தில்தான் பலர் வாங்கவே செய்கிறார்கள். ஆகவே அந்த வரிசையில் நிற்பதில் கூச்சம் வேண்டாம். அதே சமயம், பிடிக்காத பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. நியூயார்க், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள், கடைகள் தங்கள் விதியை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்கின்றன. மற்றபடி கடை வைத்ததுதான் விதி. 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று குரலை உயர்த்துவதால் பயனில்லாமல் போவது இதனால்தான்.

முதல் வேலை, வீட்டிலேயே உட்கார்ந்து ரசீதைத் தேடுவது. வால்மார்ட் ஆப்பில் உள்ள வால்மார்ட் பே வழியாகப் பணம் கட்டியிருந்தால் ரசீது அங்கேயே பதிவாகியிருக்கும். இணையத்தில் ஆர்டர் செய்ததென்றால் உங்கள் கணக்கிலுள்ள ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். கடையில் கார்டு தேய்த்து வாங்கியிருந்தால், வால்மார்ட் இணையதளத்தில் ரசீது தேடும் பக்கம் ஒன்று உண்டு. எந்தக் கடை, வாங்கிய தேதி, எந்த வகைக் கார்டு, அதன் கடைசி நான்கு எண்கள், மொத்தத் தொகை ஆகியவற்றைக் கொடுத்தால் அது பழைய ரசீதை எடுத்துத் தரும்.

இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். தொகை என்று கேட்பது ஜாக்கெட்டின் விலையை அல்ல. அன்று வாங்கிய பால், ரொட்டி எல்லாம் சேர்த்து, விற்பனை வரியும் சேர்ந்த கடைசித் தொகையை. அதை வங்கிக் கணக்கு விவரத்திலிருந்து சென்ட் மாறாமல் எழுதுங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். வங்கி காட்டுவது, பணம் கணக்கில் ஏறிய நாளாக இருக்கலாம். வாங்கியது அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பாக இருக்கும். கிடைக்கவில்லை என்றால் முந்தைய நாளைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆப்பிள் பே, கூகுள் பே மாதிரி போனைக் காட்டிப் பணம் கட்டியிருந்தால், கடைக்குப் போவது உங்கள் பிளாஸ்டிக் கார்டின் எண் அல்ல, போனுக்கென்று தனியாக ஒதுக்கிய எண். அதன் கடைசி நான்கு எண்களைப் போனிலுள்ள வாலட்டில் கார்டின் விவரப் பக்கத்தில் பார்க்கலாம். அதைக் கொடுத்தால்தான் தேடல் பலிக்கும்.

அடுத்து, நாள் கணக்கு. வால்மார்ட்டில் பெரும்பாலான பொருள்களுக்கு 90 நாள் அவகாசம். மின்னணுப் பொருள்களுக்கு 30 நாள். செல்போனுக்கு அதைவிடவும் குறைவு. சமீப ஆண்டுகளில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்கியவற்றை ஜனவரி 31 வரை கொடுக்கலாம் என்று பண்டிகைக் காலச் சலுகை தந்துவருகிறார்கள். மருந்துச்சீட்டில் வாங்கிய மருந்து திரும்பப் போகாது. டார்கெட்டில் சொந்த பிராண்டுகளுக்கு ரசீதோடு ஓராண்டு வரை தருகிறார்கள். காஸ்ட்கோவில் உறுப்பினர் எண்ணை வைத்தே வாங்கியதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விதிகள் மாறக்கூடியவை; கிளம்பும் முன் கடையின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொருளைத் தயார் செய்யுங்கள். டேக், பெட்டி, உள்ளே வந்த சின்னச் சின்னப் பாகங்கள் எல்லாம் இருக்கட்டும். ரசீதில்லாதபோது பார்கோடுதான் முக்கியம்; அது கிழிந்திருந்தால் அந்தப் பொருள் எது, தங்கள் கடையில் விற்றதா என்பதே அவர்களுக்குத் தெரியாது. வாங்கும்போது தேய்த்த அதே கார்டையும், உங்கள் ஓட்டுநர் உரிமத்தையோ பாஸ்போர்ட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரங்களில் அந்த வரிசை நீளமாக இருக்கும். வார நாள் காலை நல்லது.

கவுண்டர் பெரும்பாலும் வாசலை ஒட்டியே இருக்கும். பொருளை வைத்துவிட்டு, 'ரசீது இல்லை' என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஐ லாஸ்ட் தி ரிசீட். குட் யூ லுக் இட் அப் வித் மை கார்டு?" என்று கேளுங்கள். கார்டை வைத்து வாங்கியது கிடைத்துவிட்டால் அது ரசீதோடு கொடுத்த கணக்கு; கட்டிய பணம் அதே கார்டுக்குத் திரும்பும்.

ரொக்கம் கொடுத்து வாங்கியதென்றால் தடம் இருக்காது. அப்போதுதான் அடையாள அட்டை. அரசு கொடுத்த, புகைப்படமுள்ள அட்டையைக் கேட்டு, அதன் விவரத்தைக் கணினியில் பதிந்துகொள்வார்கள். இந்த ஆள் இதற்குமுன் எத்தனை முறை ரசீதில்லாமல் வந்திருக்கிறார் என்று பார்த்து, சரி அல்லது இல்லை என்று சொல்வது அந்தக் கணினிதான். எதிரில் நிற்கும் ஊழியர் அல்ல. அவரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவர். கார்டில் தேடச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். தேடினால் கிடைக்கக்கூடிய இரண்டு டாலர் சாமானுக்காக அடையாள அட்டையை நீட்டிவிட்டு, பிறகு நிஜமாகவே வழியில்லாத ஒரு பெரிய பொருளோடு போய் 'இல்லை' என்று கேட்க நேரலாம்.

சரி என்று வந்தாலும் கையில் பெரும்பாலும் பணம் வராது. சிறு தொகையென்றால் ரொக்கம் கிடைக்கலாம். மற்றபடி அந்தக் கடையிலேயே செலவழிக்கும் கிஃப்ட் கார்டு. விலையும் நீங்கள் கொடுத்தது அல்ல, இன்றைக்கு அந்தப் பொருளுக்கு உள்ள விலையாக இருக்கலாம். தள்ளுபடியில் பாதியாகியிருந்தால் பாதிதான். அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால், அதே ஜாக்கெட்டில் வேறு அளவு மாற்றிக் கேட்பது லாபம். விலைப் பேச்சே வராது.

முடியாது என்று சொல்லிவிட்டால், பழுதான பொருளுக்குத் தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் கட்டில், பொம்மை போன்றவை பாதுகாப்புக் குறையால் திரும்பப் பெறப்படுவதுண்டு. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் தேடலாம். அப்படி அறிவித்திருந்தால் என்ன செய்வது என்று அங்கேயே இருக்கும்.

ஒரு வாரச் சுற்றுலாவுக்குக் கோட்டு வாங்கி, டேக்கை உள்ளே மடித்துவைத்துப் போட்டுக்கொண்டு, வந்ததும் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தை நம் ஆட்களிடமும் பார்த்திருக்கிறேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பேசிக்கொள்வது எனக்கு வருத்தம். அம்மா அசிங்கம் என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். கடைகள் அடையாள அட்டை கேட்கத் தொடங்கியதற்கும் இப்படிப்பட்ட செயல்கள் ஒரு காரணம். நேர்மையாக வருகிறவரும் அதே சந்தேகத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் கடையிலிருந்து வெளியே வந்து காரில் ஏறியதும் ரசீதைப் போனில் படம் எடுத்துவிடுகிறேன். அந்தக் காகிதம் வெப்பத்தில் அச்சாவது. காரின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தால் எழுத்தெல்லாம் மறைந்துபோகும். அடியிலுள்ள பார்கோடும் எண்களும் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். யாருக்காவது பரிசாக வாங்கினால் பணம் கட்டும்போதே கிஃப்ட் ரிசீட் கேட்டு, விலை இல்லாத அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். அளவு சரியில்லை என்றால் அவர்களே போய் மாற்றிக்கொள்வார்கள். போன முறை அம்மா வந்தபோது வாங்கிய செருப்பை அப்படித்தான் மாற்றினோம். கவுண்டரில் பேசியது அம்மா.