சி.எஸ்.இ.யா, ட்ரிபிள் இ.யா? எக்செல்லில் ஒரு விருப்பப் பட்டியல்

பிளஸ் 2 முடிவு வந்ததும் எங்கள் சிலமலையிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, எந்தப் பிரிவு எடுக்கலாம்?" வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை வைத்தே இதற்கு விடை தேடலாம்.

முதலில் பிரிவுகளைப் பார்ப்போம். போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. வியாபாரிகள் கேட்கும் விலைகளை ஒப்பிட்டுத் திரையில் காட்டும் மென்பொருள் சி.எஸ்.இ. பாடம். கம்ப்யூட்டருக்குள் உள்ள சிப், சர்க்யூட் எல்லாம் இ.சி.இ. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிபிள் இ. மலையில் காயை நிறம் கெடாமல் உலர்த்தும் இயந்திரம் மெக்கானிக்கல். 2012ல் தொடங்கிய போடி அரசு பொறியியல் கல்லூரியில் இந்த நான்கும் உள்ளன.

நான் படித்தது ட்ரிபிள் இ.; பார்ப்பது மென்பொருள் வேலை. எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் மெக்கானிக்கல். மற்ற பிரிவினர் மென்பொருளுக்கு வர வழி உண்டு. சி.எஸ்.இ. முடித்தவர் டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைக்கப் போவதுதான் கடினம். எனவே மோட்டாரும் மின்சாரமும் பிடித்த பிள்ளையை, வேலை கிடைக்காது என்று பயமுறுத்தி சி.எஸ்.இ.க்குத் தள்ள வேண்டாம்.

அடுத்து கட்-ஆஃப். கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியல், வேதியியல் பாதியாகவும் சேரும். 92, 84, 80 என்றால் 92+42+40=174. மொத்தம் 200.

இப்போது எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். வரிசை எண், கல்லூரிக் குறியீடு, பிரிவு, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் சென்ற ஆண்டுக் கடைசி கட்-ஆஃப் என நான்கு நிரல்கள் போதும். வரிசை உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். கட்-ஆஃப் நிரலை வைத்து 'சார்ட்' செய்யாதீர்கள். அது மற்றவர்கள் விரும்பிய வரிசை!

2018 முதல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. உங்கள் தரவரிசை எண் வரும்போது, மென்பொருள் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் காலியாக உள்ள இடம் உங்களுக்கு. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகும். இதில் நஷ்டம் இல்லை. ஆகவே எட்டாது என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே இறக்காதீர்கள். கடைசியில் உங்கள் கட்-ஆஃபுக்கு நிச்சயம் கிடைக்கக்கூடிய சில இடங்களையும் சேருங்கள்.

ஒதுக்கீடு வந்தபின், இடத்தை ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கும் வசதியும் உண்டு. ஆனால் மேலே இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். சேர மனமில்லாத எதையும் பட்டியலின் மேல் வரிகளில் வைக்காதீர்கள்.